இன்னும் இரண்டு பந்து

பதினாலாவது ஓவரில் நாலு பந்து முடிந்திருந்தது.
எழுபத்தொன்பதுக்கு ஆறு.
ஐந்தாவதைப் போடத் திரும்பி நடந்த பொடியன்
நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.
வியர்வையில்லை.

சாய்ந்தமருதுக் கடற்கரை மைதானம்.
தகரம் போட்ட கொட்டில், ஒரு மைக்,
நிப்ராஸ், நான், ஸ்கோர்ப் புத்தகம்.
டயர்க்கடை மாடியில் இருக்கிற எங்கள் வானொலியில்
செய்தியில்லை, சினிமாப் பாட்டில்லை.
மென்பந்து, கரப்பந்து, கால்பந்து,
நடுவில் சீமெந்து, கல்யாண மண்டபம், மூக்குக் கண்ணாடி.
இறக்காமம் தாண்டினால் வெறும் இரைச்சல்.

மழைக்கு முதலாளி வைத்த சட்டம் ஒன்றுதான்:
மூன்று செக்கனுக்கு மேல் மௌனம் கூடாது.

பேசினோம்.
சீமெந்து மூன்று தரம் வந்து போனது.
பன்னிரண்டாம் ஆட்டக்காரன் பெண்ணெடுத்த ஊர்வரை
நிப்ராஸ் சொல்லித் தீர்த்தான்.
பிறகு அவனுக்கும் வற்றிவிட்டது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நாலு.
தகரத்தில் விழுகிற மழை மட்டும்
நேரடி ஒலிபரப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது போன்.

"தம்பி, எவடத்த இந்த மழ?"

"கிரவுண்டிலதான் காக்கா, ஆட்டம் நிண்டுபோய்..."

"ஆட்டத்த விடு. எந்தப் பக்கம் போகுது?
மாவடிப்பள்ளி ரோட்டில
ரெண்டு ஏக்கர் நெல்லு காயுது."

நிப்ராஸ் என்னைப் பார்த்தான், கடலைப் பார்த்தான்.
செருமிக்கொண்டு தொடங்கினான்:

கடல் முனையிலிருந்து மழை ஓடி வருகிறது.
நீண்ட ஓட்டம். கறுத்த, உயர்ந்த மழை.
காரைதீவுச் சந்தியில் கால் வைத்துவிட்டது.
வேகம் குறையவில்லை, திசை மாறவில்லை.
தாம்போதியடியில் நிற்கிறவர்களே,
உங்களுக்குப் பத்து நிமிசம் இருக்கிறது.
நடுவில் குவியுங்கள், ஓரத்தால் படங்கை இழுங்கள்,
நாலு மூலைக்கும் கல்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை.
காரைதீவு மருந்துக்கடைக்காரர்: "இஞ்ச விழுந்திற்று."
பஸ் நடத்துனர் ஒருத்தர்: "பாலத்தடி இன்னும் வெயில்."
பந்துவீச்சாளர் பெயர் எழுதும் கட்டங்களில்
நான் ஊர்களை எழுதினேன், எதிரே நேரத்தை.
ஒரு பெண் பெயர் சொல்லவில்லை.
தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கியிருப்பாள்.
தார் ரோட்டில் பலகை உராயும் சத்தம்,
மூச்சு,
"சொல்லுங்க, சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன்."

மல்வத்தையிலிருந்து ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.
படங்குக்கு என்ன சொல் என்று நிப்ராஸுக்குத் தெரியவில்லை.
வஹினவா, வஹன்ன என்றான்.
மழை பெய்யுது, மூடுங்க.
இரண்டு சொல்லும் அங்கே
இவ்வளவு கிட்டக் கிட்ட இருப்பதை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.
அந்தப் பக்கம் பொஹொம ஸ்துதி என்று வைத்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்குப் பிறகு
நடுவர்கள் குடை பிடித்து வந்து
பெயில்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.
ஆளுக்கொரு புள்ளி என்று அறிவித்தோம்.
அதைக் கேட்க யாராவது இருந்தார்களோ தெரியாது.

கடைசி அழைப்பு சம்மாந்துறை.
வயதான குரல். கோபமில்லை,
அதுதான் கஷ்டமாயிருந்தது.

"எங்கட நனைஞ்சிற்று தம்பி.
அசர் பாங்குக்கு ரேடியோவக் குறைச்சி வெச்ச.
பிறகு கூட்ட மறந்திட்டன்."

நிப்ராஸ் வாயைத் திறந்தான், மூடினான்.
முதலாளியின் மூன்று செக்கனும் போனது,
அதற்கு மேலும் போனது.
தகரத்தில் பெய்ததும் அவர் முற்றத்தில் பெய்ததும்
ஒரே கம்பியில் இரைந்தன.

"சரி, அத விடுங்க.
அந்தப் பொடியனுக்கு ரெண்டு பந்து மிச்சமெலுவா.
போடுவானா?"

நான் எட்டிப் பார்த்தேன்.
விக்கெட் நின்ற இடம் குளமாய்க் கிடந்தது.
கொட்டிலின் ஓரத்தில் குந்தியிருந்தான் அவன்,
ஈரப் பந்தை
இன்னும் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு.